மூன்று எழுத்துக்குப் பின்னால்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்களைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஆண்களுக்கானது ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கானது சொராரிட்டி. நாடு முழுவதற்கும் ஒரு தலைமைச் சங்கம் இருக்கும். ஒவ்வொரு வளாகத்திலும் அதற்கு ஒரு கிளை. அந்தக் கிளைக்கு 'சாப்டர்' என்று பெயர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் பிடிபடும்.

கேள்வி: ஒஹாயோவில் முதலாண்டு படிக்கும் என் மகனுக்கு மூன்று ஃபிரட்டர்னிட்டிகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மூன்றுமே 'நாட்டில் மிகப் பெரியது எங்களுடையது' என்கின்றன. எதை நம்புவது?
– ஒரு தந்தை, நியூஜெர்சி

மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு அளவுகோலை எடுத்திருக்கும், அவ்வளவுதான். முதல் அளவுகோல், தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை சேர்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கை. இறந்தவர்களும் இதில் அடக்கம். 1855-இல் தொடங்கிய சிக்மா கை, 1856-இல் தொடங்கிய சிக்மா ஆல்ஃபா எப்சிலான் போன்றவை இந்தக் கணக்கில் மூன்று லட்சத்தைத் தாண்டியவை. இரண்டாவது, எத்தனை வளாகங்களில் சாப்டர் இருக்கிறது என்பது. டாவ் கப்பா எப்சிலான் 1899-இல், அதாவது மற்றவற்றுக்கு வெகுகாலம் பின்னால் தொடங்கியது. ஆனாலும் சிறிய கல்லூரிகள், புதிய அரசுப் பல்கலைக்கழகங்கள் என்று எங்கும் பரவியதால் சாப்டர் கணக்கில் பல பழைய சங்கங்களை முந்திவிட்டது. மூன்றாவது, இன்று படித்துக்கொண்டிருக்கும் உறுப்பினர்களின் எண்ணிக்கை. நான்காவது, ஒரு சாப்டருக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பது.

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதலிரண்டும்தான். உங்கள் மகனின் அன்றாடத்தை நிர்ணயிப்பதோ நான்காவது. அதிலும் நாட்டுச் சராசரியால் பயனில்லை. அவன் வளாகத்திலுள்ள சாப்டரில் இப்போது எத்தனை பேர் என்பதே கேள்வி. முப்பது பேர் கொண்ட சாப்டரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், இரண்டாம் ஆண்டிலேயே பொருளாளர், சமையல் பொறுப்பாளர் என்று ஏதாவது ஒரு பதவி கைக்கு வந்துவிடும். ஆனால் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீட்டின் வாடகையும் காப்பீடும் முப்பது பேர் தலையில் விழும். ஒரு வருடம் பத்துப் பேர் பட்டம் வாங்கிப் போய், புதிதாக நான்கு பேர் மட்டும் சேர்ந்தால், காலி அறைகளுக்கான பணத்தையும் இருப்பவர்களே கட்ட வேண்டியிருக்கும். சாப்டர்கள் மூடப்படுவதற்கு இந்தக் காலி அறைக் கணக்கும் ஒரு காரணம். நூற்றைம்பது பேர் கொண்ட சாப்டரில் பணச் சுமை பரவிவிடும், விழாக்கள் பெரிதாக இருக்கும். ஆனால் கூடவே சேர்ந்த முப்பது, நாற்பது பேரைத் தாண்டிப் பழக்கம் ஏற்படுவது அரிது.

அவன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? சேர்பவர்கள் நிறைய, நிலைப்பவர்கள் குறைவு என்றால் உள்ளே ஏதோ சரியில்லை.

கேள்வி: எல்லாவற்றிலும் பழையது எது? பழையதில் சேர்ந்தால் மதிப்பு அதிகமா?
– கல்லூரி மாணவர், மிச்சிகன்

1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் கிரேக்க எழுத்துச் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது. ரகசியக் கைகுலுக்கல், பதக்கம், குறிக்கோள் வாசகம் எல்லாம் அங்கிருந்தே வந்தன. 1831-இல் ஹார்வர்டு கிளை ரகசியத்தைக் கைவிட்டது. இன்று அது படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் சங்கம். விண்ணப்பித்துச் சேர முடியாது, அவர்களே அழைப்பார்கள்.

நாம் இன்று ஃபிரட்டர்னிட்டி என்று சொல்லும் வகை நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரத்து யூனியன் கல்லூரியில் உருவானது. 1825-இல் கப்பா ஆல்ஃபா சொசைட்டி, 1827-இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை. இம்மூன்றையும் 'யூனியன் ட்ரையட்' என்பார்கள். அடுத்த ஊற்று ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரிலுள்ள மயாமி பல்கலைக்கழகம். பீட்டா தீட்டா பை 1839, ஃபை டெல்டா தீட்டா 1848, சிக்மா கை 1855. யூனியன், மயாமி இரண்டுக்குமே 'ஃபிரட்டர்னிட்டிகளின் தாய்' என்ற பட்டம் உண்டு. முதலில் பெற்றது யூனியன், பெரிதாக வளரும் பிள்ளைகளைப் பெற்றது மயாமி என்று கொண்டால் சண்டையில்லை. மூன்றாவது ஊற்று உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் பிறந்தது: ஆல்ஃபா டாவ் ஒமேகா, கப்பா ஆல்ஃபா ஆர்டர் இரண்டும் 1865, சிக்மா நியூ 1869.

வயதுக்கும் அளவுக்கும் தொடர்பில்லை என்பதற்கு யூனியன் மூன்றுமே சாட்சி. நூற்றுக்கணக்கான வளாகங்களுக்குப் பரவுவதை அவை நாடவில்லை. இன்றும் விரல்விட்டு எண்ணும் அளவு கிளைகளோடு இருக்கின்றன.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். தலைமைச் சங்கத்தின் வயதைவிட உங்கள் வளாகத்துச் சாப்டரின் தொடர்ச்சியைப் பாருங்கள். சுவரில் 1880 என்று பொறித்திருக்கும். ஆனால் இடையில் ஒழுங்கு நடவடிக்கையால் மூடப்பட்டு, நான்கைந்து ஆண்டு கழித்துப் புதிதாகத் திறக்கப்பட்டிருக்கும். அந்த நான்காண்டு தற்செயல் அல்ல. பழைய பழக்கம் அறிந்த கடைசி மாணவனும் பட்டம் பெற்று வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு வேறு ஆட்களை வைத்துத் தொடங்குவது தலைமைச் சங்கங்களின் வழக்கம். எனவே 'எந்த ஆண்டு தொடங்கியது' என்பதோடு 'எந்த ஆண்டு மீண்டும் தொடங்கியது, ஏன்' என்றும் கேளுங்கள். புதிதாகத் திறந்த சாப்டர் மோசமானதென்று பொருளில்லை. பல வளாகங்களில் மிக ஒழுங்கான சாப்டர் அதுவாகவே இருக்கும், ஏனென்றால் தலைமைச் சங்கத்தின் கண் அதன் மேலேயே இருக்கிறது.

கேள்வி: கப்பா ஆல்ஃபா என்ற பெயரில் எத்தனை சங்கங்கள்தான் இருக்கின்றன?
– வாசகர், ஜார்ஜியா

தேடும்போது குழப்புபவை நான்கு. கப்பா ஆல்ஃபா சொசைட்டி, 1825, யூனியன் கல்லூரி. கப்பா ஆல்ஃபா ஆர்டர், 1865, தென்மாநில மரபு. ராணுவத் தளபதி ராபர்ட் இ. லீயைத் தன் ஆன்மிக முன்னோடியாகக் கொண்டது, 2010-இல் தன் விழாக்களில் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைச் சீருடை அணிவதைத் தடை செய்தது. கப்பா ஆல்ஃபா சை, 1911, இந்தியானா பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களின் மரபு. கப்பா ஆல்ஃபா தீட்டா, 1870, பெண்களுக்கானது. நான்குக்கும் ஒன்றோடொன்று உறவில்லை. மூன்றாவது எழுத்தைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகளை டாவ் பீட்டா பை, தீட்டா டாவ் இரண்டும் அழைக்கின்றன. ஆண்கள் இருக்கும் ஃபிரட்டர்னிட்டியில் பெண் சேரலாமா?
– ஒரு தாய், டெக்சஸ்

தாராளமாக. கிரேக்க எழுத்து இருப்பதாலேயே எல்லாம் ஒரே வகை ஆகிவிடாது. டாவ் பீட்டா பை 1885-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தோன்றிய பொறியியல் கௌரவச் சங்கம். வகுப்பில் முன்னிலையில் இருப்பவர்களுக்குத்தான் அழைப்பு வரும். சேர்வதற்கு ஒருமுறை கட்டணம், பெரிய நேரச் செலவில்லை. தீட்டா டாவ் 1904-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய தொழில்முறை ஃபிரட்டர்னிட்டி. ஒரே துறை மாணவர்கள் சேர்ந்து இயங்குவது. வாராந்தரக் கூட்டம், பருவச் சந்தா, புதியவர் பயிற்சிக் காலம் எல்லாம் உண்டு. வணிகப் படிப்பில் ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை ஆகியவை இதே வகை. சேவைக்கென்றே உள்ளது ஆல்ஃபா ஃபை ஒமேகா, 1925.

ஆண், பெண் பிரிவினைக்குச் சட்டக் காரணம் இருக்கிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டத்திலிருந்து, உறுப்பினர் சேர்க்கை விஷயத்தில் மட்டும், நட்புக்காகக் கூடும் சமூக வகை ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டிகளுக்கு 1974-இல் விலக்குக் கிடைத்தது. தொழில்முறைச் சங்கங்களுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால்தான் அவற்றில் இருபாலரும்.

கேள்வி: 'டிவைன் நைன்' என்கிறார்களே, அவற்றின் மரபு மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?
– வாசகி, மேரிலாந்து

கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது சங்கங்கள் அவை. 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா முதலாவது. வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் தனித்து விடப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் படிப்பில் துணை நிற்கக் கூடிய குழுவே சங்கமாயிற்று. 1908-இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி. 1911-இல் கப்பா ஆல்ஃபா சையும் ஒமேகா சை ஃபையும். 1913-இல் ஹோவர்டில் 22 பெண்கள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்ததுதான் அவர்களுடைய முதல் பொதுச் செயல். ஃபை பீட்டா சிக்மா 1914, ஸீட்டா ஃபை பீட்டா 1920; இவ்விரண்டும் சட்டதிட்டத்திலேயே அண்ணன் தங்கை உறவு கொண்டவை. சிக்மா காமா ரோ 1922-இல் இந்தியானாபொலிஸில். கடைசியாக, 1963-இல் மார்கன் ஸ்டேட் கல்லூரியில் அயோட்டா ஃபை தீட்டா. இவற்றின் கூட்டமைப்பு 1930-இலேயே உருவானது; அயோட்டா ஃபை தீட்டா அதில் பின்னர் சேர்ந்தது.

முதல் வேறுபாடு, ஆயுள் முழுவதும் தொடரும் ஈடுபாடு. மற்றச் சங்கங்களில் பட்டம் பெற்றபின் உறவு பெரும்பாலும் நன்கொடையோடும் ஆண்டுவிழாவோடும் நின்றுவிடும். இங்கே பட்டதாரிகளுக்கென்று தனிச் சாப்டர்கள் ஊர்தோறும் இயங்குகின்றன, பட்டம் பெற்ற பிறகு முதல்முறையாகச் சேர்வதும் சகஜம். வாஷிங்டனில் 2011-இல் திறக்கப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்துக்கு முன்னின்று உழைத்தது அவர் உறுப்பினராயிருந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாதான். வளாகத்துச் சாப்டரில் பத்துப் பதினைந்து பேரே இருக்கலாம். ஆனால் டெல்டா சிக்மா தீட்டா, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இரண்டும் இதுவரை தலா மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்திருக்கின்றன. வளாகத்தில் தலை எண்ணி இந்தச் சங்கங்களை அளப்பது பெரிய பிழை.

இரண்டாவது, சேர்க்கும் முறை. 'இன்டேக்' என்பார்கள். மற்றச் சங்கங்களைப் போல ஒவ்வொரு சாப்டர் வீட்டுக்கும் போய்ப் பார்க்கும் வாரமெல்லாம் இல்லை. ஆர்வத்தை ஊரறியச் சொல்லாமல் அவர்களுடைய பொது நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டும். அறிவிப்பு வந்ததும் மதிப்பெண் பட்டியல், சமூகப் பணிச் சான்று, பரிந்துரைக் கடிதம் கொடுக்க வேண்டும். பரிந்துரைப்பவர் 'ஃபைனான்ஷியல்' உறுப்பினராக, அதாவது அந்த ஆண்டின் சந்தா கட்டியவராக இருப்பது முக்கியம். இல்லையென்றால் கடிதம் செல்லாது. ஒன்றாகச் சேரும் குழு 'லைன்', அதில் ஆளுக்கொரு எண்ணும் பெயரும். சேர்ந்த பின் புதியவர்களை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி 'புரோபேட்'. தரையை அதிரவைக்கும் ஸ்டெப் ஆட்டம், வரிசையாக நகரும் ஸ்ட்ரோல், கப்பா ஆல்ஃபா சையினரின் கைத்தடி, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் இளஞ்சிவப்பும் பச்சையும், ஒமேகா சை ஃபையினரின் ஊதா எல்லாமே உறுப்பினர்களுக்கு உரியவை. விருந்தினராகப் போகிறவர்கள் அந்த அசைவுகளையோ குரல்களையோ பின்பற்றக் கூடாது, அது அவமதிப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1990-இல் இந்தச் சங்கங்கள் பழைய பிளெட்ஜ் முறையை, அதாவது முழு உறுப்பினராகுமுன் புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் காலத்தை, ஒழித்தன. ஆனால் அதிகாரபூர்வ வழியில் மட்டும் வந்தவர்களைச் சில இடங்களில் 'பேப்பர்' என்று இளக்காரமாக அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பிள்ளைகள் மறைவான சோதனைகளுக்குச் சம்மதிக்கிறார்கள். இன்டேக் அறிவிப்பு வருமுன் யாராவது பணம் கேட்டாலோ, இரவில் தனியிடத்துக்கு அழைத்தாலோ, அது சங்கத்தின் நடைமுறை அல்ல.

கேள்வி: தெற்காசியப் பிள்ளைகளுக்கென்றே சங்கங்கள் உண்டாமே?
– கல்லூரி மாணவி, கலிஃபோர்னியா

உண்டு. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகள் பெருமளவில் கல்லூரியை எட்டியது தொண்ணூறுகளில். இந்தச் சங்கங்களும் அப்போதே தோன்றின. ஆண்களுக்கு அயோட்டா நியூ டெல்டா, 1994, பிங்ஹாம்டன். சிக்மா பீட்டா ரோ, 1996, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். டெல்டா எப்சிலான் சை, 1998, ஆஸ்டின். பீட்டா கை தீட்டா, 1999, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் (யு.சி.எல்.ஏ.). பெண்களுக்கு கப்பா ஃபை காமா, டெல்டா ஃபை ஒமேகா, சிக்மா சிக்மா ரோ மூன்றும் 1998. மற்ற இனத்தவரும் இவற்றில் சேரலாம்.

பெரும்பாலும் இவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது, சாப்டர்கள் சிறியவை. அதனால் செலவு குறைவு, நேரச் செலவு அதிகம். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வராவிட்டாலும் தெரிந்துவிடும். லைன், ஸ்ட்ரோல், புரோபேட் போன்றவற்றை இவை டிவைன் நைன் மரபிலிருந்து எடுத்துக்கொண்டன. கூடவே அந்த மரபின் மறைவான பிளெட்ஜ் ஆபத்தும் சில இடங்களில் வந்துவிட்டது. நம்மவர்கள் என்ற நெருக்கம் காரணமாகப் பெற்றோர் இந்த இடத்தில் கேள்வி கேட்கத் தவறுகிறார்கள். மற்றவர்களைக் கேட்பது போலவே இவர்களையும் கேளுங்கள்.

கேள்வி: சொராரிட்டிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் என் தோழிக்கு முதல் நாளே பாதி வீடுகள், அதாவது சாப்டர்கள், கதவடைத்துவிட்டன. நல்ல மதிப்பெண், நல்ல பெண். என்ன தவறு செய்தாள்?
– மாணவி, அலபாமா

பெரும்பாலும் எந்தத் தவறும் இல்லை. கணக்கைச் சொன்னால் விளங்கும்.

1902-இல் உருவான பெண்கள் கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. பழையவை பை பீட்டா ஃபை (1867), கப்பா ஆல்ஃபா தீட்டா, கப்பா கப்பா காமா (இரண்டும் 1870). சொராரிட்டி என்ற சொல்லே பிறகு காமா ஃபை பீட்டாவுக்காக உண்டானது. அளவில் முதலிடம் 1895-இல் ஆர்கன்சாவில் தொடங்கிய கை ஒமேகாவுக்கு. இவர்களுடைய முதன்மைத் தேர்வு இருபக்கத் தெரிவு. பெண்கள் வீடுகளை வரிசைப்படுத்துவார்கள், வீடுகள் பெண்களை வரிசைப்படுத்தும், இரண்டையும் கணினி பொருத்தும். வீட்டுச் சுற்றுலா, சேவை, சகோதரித்துவம், கடைசியில் 'பிரெஃபரன்ஸ்' என்று பொதுவாக நான்கு சுற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் இறுதியில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் புதியவர்கள் கிடைக்க வேண்டும். அந்த எண் 'கோட்டா'.

எல்லோரும் விரும்பும் வீடு அடுத்த சுற்றுக்கு நிறையப் பேரை அழைத்தால், அவர்கள் கடைசிவரை அங்கேயே காத்திருந்து ஏமாறுவார்கள். மற்ற வீடுகளுக்கும் ஆளிருக்காது. அதனால் கடந்த ஆண்டுகளில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பு எண்ணிக்கை விதிக்கிறார்கள். பிரபலமான வீடுகள் முதல் நாளே ஏராளமானவர்களை விட்டாக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் வரும் அலபாமா போன்ற இடத்தில் ஐந்து நிமிடப் பேச்சை வைத்து யாரால் யாரை அளக்க முடியும்? உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள், அவள் அழ வேண்டியதில்லை.

இனி அவள் கவனிக்க வேண்டியது கடைசி இரவு. பிரெஃபரன்ஸ் முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் அவள் எழுதும் எந்த வீடு அழைத்தாலும் ஏற்க வேண்டும். மறுத்தால் அந்த வளாகத்தில் அடுத்த முதன்மைத் தேர்வுவரை, அதாவது ஏறக்குறைய ஓராண்டு, இந்த 26-இல் வேறெதிலும் சேர முடியாது. சேரவே விரும்பாத வீட்டின் பெயரை எழுதக் கூடாது. அதே சமயம் ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதினால், அது கிடைக்காதபோது கையில் எதுவும் இருக்காது. இரண்டு வீட்டுக்குப் போயிருந்து, இரண்டிலும் மனம் ஒப்பினால், இரண்டையும் எழுதுவதே பத்திரம். எதுவும் அமையாவிட்டால், இடம் மீதமுள்ள வீடுகள் பருவத்தின் நடுவிலும் சேர்க்கும். அங்கே நிதானமாகப் பேச நேரம் கிடைக்கிறது. அந்த வழியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

ஆண்கள் பக்கம் இவ்வளவு நுணுக்கம் இல்லை. 'பிட்' என்னும் அழைப்பை ஒரு சாப்டர் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். மூன்று கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவும் செய்யலாம்.

கேள்வி: மரபு எது, ஹேஸிங் எது? கோடு எங்கே?
– ஒரு தந்தை, பென்சில்வேனியா

நம் ஊர்க் கல்லூரிகளில் ராகிங் என்பதற்கு இங்கே ஹேஸிங் என்று பெயர். ராகிங் வந்த அன்றே நடக்கும், யாரும் கேட்டுப் பெறுவதில்லை. ஹேஸிங்கைச் சேரத் துடிக்கும் பிள்ளை தானே ஏற்றுக்கொள்கிறான். ஆபத்து அதில்தான் இருக்கிறது. அதனால்தான் 2024 டிசம்பரில் வந்த கூட்டரசுச் சட்டம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று வரையறுக்கிறது.

பதக்கத்தை இதயத்துக்கு மேலே குத்துவது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உறுதிமொழி, வெளியில் சொல்லக் கூடாத வாசகம், மூத்தவர் ஒருவரை 'பிக்' என்றும் இளையவரை 'லிட்டில்' என்றும் இணைத்து வம்சாவளி வரைவது, ஆண்டுதோறும் எல்லோர் முகமும் கொண்ட பெரிய படத்தைச் சுவரில் மாட்டுவது, நிறுவனர் நாள் விருந்து: இவை மரபு. இறந்தவர்களை 'ஒமேகா சாப்டர்' உறுப்பினர் என்று குறிப்பது மனத்தைத் தொடும் வழக்கம். அதற்காகவே அந்த எழுத்தைப் பல சங்கங்கள் எந்த வளாகத்துக்கும் கொடுப்பதில்லை. நிதி திரட்டுவதிலும் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். டெல்டா காமா பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. பை கப்பா ஃபையினர் மாற்றுத்திறனாளிகளுக்காக மேற்குக் கரையிலிருந்து வாஷிங்டன்வரை சைக்கிளில் போகிறார்கள்.

தூங்க விடாமை, குடிக்க வைத்தல், அடி, பட்டினி, மூத்தவர்களின் அறையைச் சுத்தம் செய்ய வைத்தல், கைப்பேசியைப் பிடுங்கி வைத்தல் ஆகியவை ஹேஸிங். உயிர் போவது பெரும்பாலும் மதுவால். 'பிக்' யாரென்று அறிவிக்கும் இரவில் ஒரு முழுப் பாட்டிலைக் கொடுத்து முடிக்கச் சொல்வது பல மரணங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. மயங்கியவனைத் தூங்கவைத்துவிட்டுப் போவார்கள். குடித்து நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டேயிருக்கும், வாந்தி மூச்சுக்குழாயில் அடைக்கும். எழுப்பி எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து, அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும். உதவி கேட்டவரைச் சிறு வயதில் குடித்த குற்றத்துக்காகத் தண்டிக்காத சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. மகனுக்கு இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. அந்தச் சட்டப்படி கல்லூரிகள் ஹேஸிங் விதிமீறல் அறிக்கையை இணையத்தில் வெளியிட வேண்டும்: சங்கத்தின் பெயர், என்ன நடந்தது, மது இருந்ததா, என்ன தண்டனை, தேதிகள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். கல்லூரியின் பெயரோடு 'ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கல்லூரி அங்கீகரிக்காத சங்கங்கள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அங்கீகாரம் இழந்த பின்னும் வளாகத்துக்கு வெளியே அதே எழுத்துகளோடு இயங்குபவை உண்டு. 2021-இல் டியூக்கிலும் 2022-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் சில ஃபிரட்டர்னிட்டிகள் தாமாகவே பல்கலைக்கழகத்திலிருந்து விலகின. எனவே முதலில் கல்லூரியின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், பிறகு அறிக்கை.

பிளெட்ஜ் காலத்தையே எடுத்துவிட்ட சங்கங்களும் உண்டு. ஸீட்டா பீட்டா டாவ் 1989-இலும், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இலும் அப்படிச் செய்தன. விதி நல்லது, ஆனால் அதைக் காப்பதும் உடைப்பதும் சாப்டர்தான்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்?
– ஒரு தாய், இல்லினாய்

வளாகத்துக்கு வளாகம் பல மடங்கு வேறுபடும், ஆகவே தொகையைவிடத் தலைப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய உறுப்பினர் கட்டணம், சேர்ப்பு விழா மற்றும் பதக்கக் கட்டணம், இவை ஒருமுறை. சாப்டர் சந்தா, தலைமைச் சங்கச் சந்தா, காப்பீடு, இவை தொடர்ந்து வரும். வீட்டில் தங்காதவர்களுக்கும் வீட்டைப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு, கட்டட நிதி தனி. ஒருமுறைக் கட்டணங்கள் சேர்வதால் முதல் பருவமே அதிகச் செலவு. விழாவுக்கு வராவிட்டால் அபராதம், உடை, பரிசு என்று ரசீதில் வராதவையும் இருக்கும்.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று. பல சாப்டர்கள் இரண்டாம் ஆண்டில் வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்கின்றன. பிள்ளை அதற்குள் கல்லூரி விடுதிக்கோ வெளி வாடகைக்கோ ஒப்பந்தம் போட்டிருப்பான். இரண்டுக்கும் பணம் கட்ட நேரிடும். கையெழுத்திடுமுன் தங்கும் கட்டாயம் உண்டா, எத்தனை பருவம், நடுவில் விலகினால் மீதித் தொகை யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். சந்தாவுக்கு வருமான வரிச் சலுகை இல்லை.

கேள்வி: வீடு யாருடையது? அங்கே மது அனுமதியா?
– வாசகர், ஒஹாயோ

பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் சொத்து. சில வளாகங்களில் கல்லூரியுடையது. கல்லூரி நிலத்தில் இருந்தால் கல்லூரி விதியும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் கூட்டமைப்பின் 26 சொராரிட்டி வீடுகளிலும் மது கூடாது. விருந்துகள் ஆண்கள் வீட்டில் நடப்பதற்கு இதுவும் காரணம். ஃபை டெல்டா தீட்டா 2000-இலிருந்து தன் வீடுகளில் மதுவை விலக்கியது. ஆண்கள் கூட்டமைப்பு 2019-இலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள மதுவைச் சாப்டர் வீடுகளில் தடுத்திருக்கிறது, உரிமம் பெற்ற வெளியாள் பரிமாறினால் தவிர. சட்டப்படி 21 வயதுக்குக் கீழே யாருக்கும் இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடித்து வண்டி ஓட்டிக் கைதானாலே விசா ரத்தாகலாம்.

கேள்வி: என் மகள் சேரும் கல்லூரியில் இவை எதுவுமே இல்லையாம். ஏன்?
– வாசகி, மாசசூசெட்ஸ்

நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் சிறிய கல்லூரிகள் பலவும் இவற்றை ஒழித்துவிட்டன. வில்லியம்ஸ் அறுபதுகளிலேயே ஒழிக்கத் தொடங்கியது; ஆம்ஹர்ஸ்ட், கோல்பி இரண்டும் 1984-இல். சிறிய கல்லூரியில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்றால் சாப்பாட்டு மேசைகூடப் பிரிந்துவிடும் என்பது அவர்களின் முக்கியக் காரணம்.

கேள்வி: சேர்ந்த பிறகு பிடிக்கவில்லையென்றால் வேறொன்றுக்கு மாறலாமா?
– மாணவர், இந்தியானா

தேதியைப் பொறுத்தது. சேர்ப்பு விழாவுக்கு முன் என்றால் எழுத்தில் தெரிவித்து விலகலாம். ஆண்கள் அதன்பின் வேறு சாப்டரின் அழைப்பை ஏற்கலாம். சில வளாகங்களில் ஒரு பருவம் காத்திருக்கச் சொல்வார்கள். விழா முடிந்துவிட்டால் நிலைமை வேறு. பெண்கள் கூட்டமைப்பில் ஒரு சங்கத்தின் விழா முடிந்தவர், மற்ற 25-இல் எதிலும், எந்த வளாகத்திலும், எப்போதும் சேர முடியாது. ஆண்கள் சங்கங்களும் பெரும்பாலும் இப்படியே. கௌரவ, தொழில்முறைச் சங்கங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

வேறு கல்லூரிக்கு மாறினால் உறுப்பினர் உரிமை கூடவே வரும். ஆனால் அங்குள்ள சாப்டர் உங்களை இணைத்துக்கொள்ள அதன் ஒப்புதல் வேண்டும். விலகுவது முடிவானால் சாப்டர் தலைவருக்கும் கல்லூரியின் கிரேக்கச் சங்க அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பதக்கம் பல சங்கங்களில் சங்கத்தின் சொத்து, திருப்பிக் கேட்பார்கள். கையெழுத்திட்ட கட்டண ஒப்பந்தத்தின் நகலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவக் கட்டணம் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்து, அதற்கு முன்பே அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள்.